செஸ்டெர்ஷியஸ் எங்கே போனது? ரோமின் பெரிய பித்தளைக் காசு பற்றி

பொருநைக்கரையான்:

வணக்கம். ரோமானியக் காசு என்று பேச்செடுத்தாலே எல்லாரும் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் போய்விடுகிறார்கள். எனக்கு அந்தப் பெரிய பித்தளைக் காசின் மேல்தான் பிரியம். செஸ்டெர்ஷியஸ். ஏறக்குறைய 25 கிராம் எடை, குறுக்களவு 32, 33 மில்லிமீட்டர். அவ்வளவு அகலம் இருந்ததால் அச்சு வெட்டுகிறவனுக்குத் தாராளமாக இடம் கிடைத்தது. நீரோவின் காசில் ஒஸ்தியா துறைமுகத்தை மேலிருந்து பார்ப்பதுபோல் கப்பல்களோடு செதுக்கியிருக்கிறான். டைட்டஸின் காசில் கொலோசியத்தின் மாடங்களையும் உள்ளே உட்கார்ந்திருக்கும் கூட்டத்தையும் சேர்த்தே காட்டிவிட்டான், அந்தத் தலைகள் எல்லாம் வெறும் புள்ளிகள், ஆனால் பார்த்தால் கூட்டம்தான். சின்ன வெள்ளி தெனாரியஸில் இதற்கெல்லாம் இடமில்லை.

என் கேள்வி இதுதான். கி.பி. 248-இல் முதலாம் பிலிப் ரோம் நகரத்தின் ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடியபோது செஸ்டெர்ஷியஸ் நிறையவே அடிக்கப்பட்டது. விழாவுக்குக் கொண்டுவந்த மான் முதலிய விலங்குகள் பொறித்த அந்தக் காசுகளை இன்றும் ஏலங்களில் பார்க்கலாம். அங்கிருந்து ஒரு முப்பது ஆண்டு தள்ளிப் பார்த்தால் புதிய செஸ்டெர்ஷியஸ் என்று ஒன்றே இல்லை. அகஸ்டஸ் காலத்திலிருந்து இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிய காசு ஒரே தலைமுறையில் நின்றுபோயிருக்கிறது. படித்த இடத்திலெல்லாம் "பணவீக்கம்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். விலை ஏறினால் சின்னக் காசுதானே முதலில் ஒழிய வேண்டும்? வெண்கல, பித்தளைக் காசுகளிலேயே பெரியது ஏன் ஒழிந்தது? தெரிந்தவர்கள் விரிவாக எழுதுங்கள், அவசரமில்லை.

பழங்காசு:

நல்ல கேள்வி. பதிலுக்குப் போகும் முன்னால், அந்தக் காசு எந்த அடிப்படையில் ஓடியது என்பதைப் பார்த்துவிடுவோம், அதில்தான் பாதி விடை இருக்கிறது.

ஆதியில் ரோமின் வெண்கலம் எடைக்குத்தான் மதிப்பு. முதலில் வெறும் உலோகக் கட்டிகள், அப்புறம் யானை, பன்றி உருவமெல்லாம் போட்ட வார்ப்புப் பாளங்கள், கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட்டமாக வார்த்த ஆஸ். அந்த ஆஸ் ஒரு ரோமானிய ராத்தல், அதாவது முந்நூறு கிராமுக்கு மேல். ஒரு பக்கம் இரட்டை முக ஜானஸ், மறுபக்கம் கப்பலின் முன்பகுதி. அதன் பன்னிரண்டில் ஒரு பங்கு உன்சியா, அதற்கு ஒரு புள்ளி. இரண்டு பங்குக்கு இரண்டு புள்ளி, மூன்றுக்கு மூன்று. எழுதப் படிக்கத் தெரியாதவனும் தொட்டுப் பார்த்தே மதிப்பைச் சொல்லிவிடலாம். ஹானிபாலோடு நடந்த போர் வந்ததும் எடையைக் குறைத்தார்கள், சில ஆண்டுகளிலேயே ஆறில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. கி.மு. 211 வாக்கில் வெள்ளி தெனாரியஸ் வந்தபோது அதற்குப் பத்து ஆஸ் என்று வைத்தார்கள், கி.மு. 141 வாக்கில் பதினாறு ஆஸ் என்று மாற்றினார்கள். ஆஸின் எடை மேலும் மேலும் இறங்கி, கி.மு. 80-களுக்குப் பிறகு ரோமில் வெண்கலம் அடிப்பதே கிட்டத்தட்ட நின்றுபோனது. மக்கள் தேய்ந்த பழைய ஆஸ்களையே இரண்டாகத் தறித்துச் சில்லறையாக வைத்துக்கொண்டார்கள். பாதியாக வெட்டிய அந்த ஜானஸ் காசுகள் ரோமானியப் படை முகாம்களில் நிறையக் கிடைத்திருக்கின்றன.

இந்தக் குழப்பத்தைச் சரிசெய்தவர் அகஸ்டஸ். கி.மு. 23 வாக்கில் தொடங்கிய ஏற்பாடு அது. ஒரு தங்க ஆரியஸுக்கு 25 தெனாரியஸ், ஒரு தெனாரியஸுக்கு 4 செஸ்டெர்ஷியஸ், ஒரு செஸ்டெர்ஷியஸுக்கு 2 டுபாண்டியஸ், ஒரு டுபாண்டியஸுக்கு 2 ஆஸ், ஒரு ஆஸுக்கு 4 குவாட்ரன்ஸ். செஸ்டெர்ஷியஸும் டுபாண்டியஸும் மஞ்சள் பித்தளை, ஆஸும் குவாட்ரன்ஸும் சிவப்புச் செம்பு. டுபாண்டியஸும் ஆஸும் ஏறக்குறைய ஒரே அளவுதான், நிறத்தை வைத்தே பிரித்தார்கள். பழகிப் பழகி இரண்டும் கறுத்துப்போனால் என்ன செய்வது என்ற சிக்கலுக்கு, நீரோ காலத்திலிருந்து டுபாண்டியஸில் அரசருக்குக் கதிர்முடி வைக்கும் வழக்கம் வந்தது. கதிர்முடி என்றால் இரட்டை மதிப்பு. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முக்கியமான விஷயம், இந்தப் பித்தளையின் மதிப்பு உலோகத்தில் இல்லை. நான்கு செஸ்டெர்ஷியஸ் சேர்ந்தால் 100 கிராம் பித்தளை, அது நாலு கிராமுக்குச் சற்றே குறைந்த வெள்ளிக்குச் சமம் என்று அரசு சொன்னது, மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றுக்கொண்டதற்குக் காரணம், எப்போது வேண்டுமானாலும் அதை நல்ல வெள்ளியாக மாற்றிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் காசைத் தாங்கிப் பிடித்தது.

சாதாரண ஆளுடைய நாள் முழுக்க இந்தக் காசில்தான் ஓடியது. கி.பி. 14-இல் பன்னோனியாவில் கலகம் செய்த படைவீரர்கள், எங்கள் உடலுக்கும் உயிருக்கும் ஒரு நாளைக்குப் பத்து ஆஸ்தான் விலையா என்று கேட்டதாக ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். இத்தாலியின் பாம்பேயில் ஒரு மதுக்கடைச் சுவரில் எழுதியிருப்பது: ஒரு ஆஸுக்கு இங்கே குடிக்கலாம், இரண்டு கொடுத்தால் இன்னும் நல்லது குடிக்கலாம், நான்கு கொடுத்தால் ஃபலெர்னிய மது. பொதுக் குளியலுக்குள் நுழைய ஒரு குவாட்ரன்ஸ். தங்கக் காசைக் கண்ணால் பார்க்காமலே வாழ்ந்து முடித்தவர்கள் ஏராளம், ஆனால் ஆஸைத் தொடாமல் யாரும் ஒரு வாரம் ஓட்டியிருக்க முடியாது.

உலைக்களம்:

உலோகம் என் தொழில், அதனால் அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

பித்தளை செய்வது அன்றைக்குச் சுலபமான காரியமில்லை. துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் ஆவியாகிவிடும், செம்பு உருகுவதற்கு 1,085 வேண்டும். இரண்டையும் ஒன்றாக உருக்கப்போனால் துத்தநாகம் புகையாகப் போய்விடும். ரோமானியர்கள் என்ன செய்தார்கள் என்றால், செம்புத் துண்டுகளையும் துத்தநாகக் கனிமத்தையும் கரித்தூளோடு மூடிய மூசையில் வைத்து, செம்பு உருகாத சூட்டிலேயே நெடுநேரம் வைத்திருந்தார்கள். உள்ளே கிளம்பும் துத்தநாக ஆவி வெளியே போக வழியில்லாமல் செம்புக்குள் ஊறிவிடும். ரோமானிய அறிஞர் பிளினி தன் 'இயற்கை வரலாறு' நூலின் 34-ஆம் பகுதியில் இதைத்தான் சொல்கிறார்: ஸ்பெயின் பக்கத்துக் கொர்டோபா செம்புதான் அந்தக் கனிமத்தை நன்றாகக் குடிக்கும், செஸ்டெர்ஷியஸுக்கும் டுபாண்டியஸுக்கும் அதுதான் உகந்தது, ஆஸுக்கு சைப்ரஸ் செம்பே போதும் என்று.

முதல் நூற்றாண்டுக் காசில் துத்தநாகம் ஐந்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் இருக்கிறது. புதிதாக அடித்தபோது பொன் மாதிரி மின்னியிருக்கும். ஆனால் பழைய காசை உருக்கிப் புதுக் காசு செய்யும் ஒவ்வொரு முறையும் துத்தநாகம் கொஞ்சம் எரிந்து போகும். புதிதாகப் பித்தளை செய்வது குறைந்து, பழசையே திரும்பத் திரும்ப உருக்கி, போதாததற்கு வெள்ளீயமும் ஈயமும் சேர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். மூன்றாம் நூற்றாண்டில் செஸ்டெர்ஷியஸ் என்று கையில் வருவது பெரும்பாலும் ஈயம் கலந்த வெண்கலம்தான், துத்தநாகம் பேருக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். எடையும் 18, 20 கிராமுக்கு இறங்கிவிட்டது. விளிம்பைப் பாருங்கள், மூன்றாம் கோர்டியன் காசுகள் பலவும் வட்டமாகவே இருக்காது, சதுரத்தின் மூலைகளை மழுக்கியது மாதிரி இருக்கும். நீளமான பாளத்திலிருந்து துண்டு துண்டாக வெட்டி அப்படியே அச்சில் வைத்து அடித்த வேலை அது. நேரம் கொடுத்துச் செய்யவில்லை என்பது விளிம்பிலேயே தெரிகிறது.

தமிழினி_வா:

ஆனால் எடை குறைந்தது, கலவை மோசமானது என்பதெல்லாம் காசு நின்றதற்குக் காரணமாகாதே அண்ணா. முகமதிப்பில் ஓடுகிற காசு என்று பழங்காசு ஐயா சொல்லிவிட்டார். அப்படியானால் கலவை மோசமானால் அரசுக்கு லாபம்தான், இன்னும் அதிகமாக அடித்திருக்க வேண்டும். நேர்மாறாக அல்லவா நடந்திருக்கிறது?

கணக்குப்பிள்ளை:

தமிழினி கேட்டதில்தான் முடிச்சு இருக்கிறது. செஸ்டெர்ஷியஸை மட்டும் பார்த்தால் விடை வராது, பக்கத்தில் இருந்த வெள்ளியைப் பாருங்கள்.

215-இல் பேரரசர் கராகல்லா ஒரு புதிய வெள்ளிக் காசை விட்டார், இன்று அதை அன்டோனினியானஸ் என்கிறோம். அரசர் தலையில் கதிர்முடி. இரண்டு தெனாரியஸ் மதிப்பு, ஆனால் உள்ளே இருந்த வெள்ளி ஒன்றரை தெனாரியஸ் அளவுதான். அப்போதே வெள்ளி பாதிக்குப் பாதி. அதன் பிறகு படைச் செலவு ஏற ஏற வெள்ளியைக் குறைத்துக்கொண்டே போனார்கள். 260-இல் வலேரியன் பாரசீக மன்னன் ஷாபூரிடம் சிறைப்பட்டார், அதற்கப்புறம் சரிவு தலைகுப்புற. காலியெனஸின் கடைசி ஆண்டுகளிலும் இரண்டாம் கிளாடியஸ் காலத்திலும் நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்கு வெள்ளிதான் மிச்சம். மேலே பூசிய பளபளப்பு கொஞ்ச நாளில் தேய்ந்து உள்ளே செம்பு தெரியும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். ஒரு அன்டோனினியானஸ் என்பது இரண்டு தெனாரியஸ், அதாவது எட்டு செஸ்டெர்ஷியஸ். எட்டு செஸ்டெர்ஷியஸை தராசில் வைத்தால், குறைந்த எடையில் பார்த்தாலும் 150 கிராம் வெண்கலம். 270 வாக்கில் அன்டோனினியானஸ் ஒன்று சுமார் 3 கிராம், அதுவும் பெரும்பாலும் செம்புதான், வெள்ளி ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த 150 கிராம் வெண்கலத்தை உருக்கினால் எடைக்கு எடை ஐம்பது அன்டோனினியானஸ் அடிக்கலாம்!

எட்டு செஸ்டெர்ஷியஸைச் சந்தையில் கொடுத்தால் ஒரு அன்டோனினியானஸ் மதிப்புக்குப் பொருள் கிடைக்கும். அதையே உலையில் போட்டால் ஐம்பது. யார் சந்தைக்குக் கொண்டுபோவார்கள்? காசு அடிக்கும் அக்கசாலையே அதை அடிக்குமா? நூறு கிராம் வெண்கலம் கையில் இருந்தால் அதிகாரி எந்தக் காசாக அடிக்கச் சொல்வார் என்பதை யோசிக்க வேண்டியதே இல்லை.

எனவே பொருநைக்கரையான், சின்னக் காசுதானே முதலில் ஒழிய வேண்டும் என்று நீங்கள் கேட்டது மற்ற காலங்களுக்குப் பொருந்தும். இங்கே மேலே இருந்த வெள்ளிக் காசு தானே செம்பாகி, கீழே இருந்த செம்புக் காசுகளின் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. வெண்கலத்தை எவ்வளவு அதிகமாக வைத்திருந்ததோ அவ்வளவு வேகமாக அந்தக் காசு உலைக்குப் போனது. பெரியது என்பதுதான் செஸ்டெர்ஷியஸைக் கொன்றது.

தமிழினி_வா:

கணக்கு புரிகிறது, ஏற்கவும் தோன்றுகிறது. ஆனால் இரண்டு இடத்தில் எனக்கு உறுத்துகிறது. ஒன்று, அன்டோனினியானஸ் இரண்டு தெனாரியஸ் என்று அந்தக் காலத்தவர் யாரும் எழுதி வைக்கவில்லை. கதிர்முடியை வைத்து நாம் ஊகிப்பதுதான். இரண்டாவது, எல்லாம் உலைக்குப் போயிருந்தால், பிரான்சிலும் பிரிட்டனிலும் தேய்ந்த செஸ்டெர்ஷியஸ் புதையல் புதையலாகக் கிடைக்கிறதே, அது எப்படி?

கணக்குப்பிள்ளை:

முதலாவதற்கு: ஒன்றரை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆறு செஸ்டெர்ஷியஸ், 110 கிராம் வெண்கலம், முப்பத்தைந்துக்கு மேல் காசு. முடிவு மாறவில்லை.

இரண்டாவதற்கு பழங்காசு வரட்டும், அது அவருடைய களம்.

பழங்காசு:

புதையல் விஷயத்தில் காலத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உதாரணமாக பிரான்சில் பொர்தோ அருகே கரோன் ஆற்றில் தூர் வாரும்போது கிடைத்த சுமார் 4,000 செஸ்டெர்ஷியஸ். அது இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் படகோடு மூழ்கிய பணம், யாரும் பதுக்கியதல்ல. ஆற்றுப் படிவில் காற்றுப் படாமல் கிடந்ததால் களிம்பே ஏறாமல் பல காசுகள் மஞ்சளாகவே வெளியே வந்தன. பித்தளை அன்றைக்கு எப்படி இருந்தது என்று பார்க்க விரும்புகிறவர்கள் அந்தக் காசுகளின் படங்களைத் தேடிப் பாருங்கள்.

மூன்றாம் நூற்றாண்டில் மண்ணுக்குள் போன புதையல்கள் வேறு வகை. கால் (Gaul) என்ற இன்றைய பிரான்ஸ் பக்கத்து நாட்டுக்கும் பிரிட்டனுக்கும் புதிய வெண்கலம் ரோமிலிருந்து சரியாகப் போய்ச் சேரவில்லை, டிராஜன், ஹேட்ரியன், அன்டோனினஸ் பயஸ் காலத்துப் பழைய காசுகளே நூறு ஆண்டு கழித்தும் ஓடின. தேய்ந்து தேய்ந்து முகம் வெறும் நிழலாகிவிட்ட காசுகள். பிறகு வெள்ளி கெட்டுப்போனதும் மக்கள் அவற்றைச் செலவழிக்காமல் எடுத்து வைத்தார்கள். புதைத்தவர்கள் திரும்ப எடுக்காதது நமக்குப் புதையலாகக் கிடைக்கிறது, எடுக்கப்பட்டது உலைக்குப் போய்விட்டது. ஆக தமிழினி சொல்கிற புதையல்கள் கணக்குப்பிள்ளை சொல்வதற்குச் சாட்சிதான்.

இதில் ரொம்பச் சுவையான இடம் ஒன்று உண்டு. 249 முதல் 251 வரை ஆண்ட டிராஜன் டேசியஸ் இரட்டை செஸ்டெர்ஷியஸ் என்று ஒன்றை அடித்தார். மிகப் பெரிய காசு, அரசர் தலையில் கதிர்முடி, நல்ல எடையில் 35 கிராமுக்கு மேல். மதிப்பிழந்து வரும் வெண்கலத்தை இரண்டு மடங்காக்கிக் காப்பாற்றும் முயற்சி. அது நிற்கவில்லை. பத்து ஆண்டு கழித்து, 260-இல் கால் நாட்டில் தனி அரசை அமைத்த போஸ்டுமஸ் அதே இரட்டை செஸ்டெர்ஷியஸைக் கையிலெடுத்தார், ஆனால் புது உலோகத்துக்குப் போகவில்லை. புழக்கத்தில் இருந்த பழைய ஒற்றை செஸ்டெர்ஷியஸைச் சூடாக்கி அப்படியே தன் அச்சால் மறுபடி அடித்து, கதிர்முடியைப் போட்டு, இரட்டை என்று விட்டார்.

அந்தக் காசு ஒன்றை உருப்பெருக்கி வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. போஸ்டுமஸின் தாடிக்குப் பின்னால், கழுத்து முடிகிற இடத்தில், வேறொரு தலையின் மூக்கும் நெற்றியும் தலைகீழாகத் தெரிகின்றன. எழுத்து வளையத்தில் போஸ்டுமஸ் பெயருக்கு நடுவே பழைய எழுத்து ஒன்றின் கால் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. மறுபக்கம் ஓடும் கப்பல், அதன் துடுப்புகளுக்குக் கீழே முந்தைய காசில் நின்றிருந்த தேவதையின் ஆடை மடிப்பு. அதே காசு, நேற்று ஒன்று, இன்று இரண்டு. வாங்கிய கடைக்காரன் என்ன நினைத்திருப்பான் என்று பார்க்கும்போதெல்லாம் தோன்றும்.

நீலத்திரை:

மக்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்குச் சான்று உண்டே. எகிப்தில் ஆக்சிரிங்கஸ் ஊரில் கிடைத்த பாப்பிரஸ் ஒன்று, 260-ஆம் ஆண்டு. காசு மாற்றும் வங்கிக்காரர்கள் பேரரசரின் காசை வாங்க மாட்டோம் என்று கடையை அடைத்துவிட்டார்கள். மாவட்ட அதிகாரி உத்தரவு போடுகிறார்: கடையைத் திறங்கள், அப்பட்டமான கள்ளக் காசைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வாங்கி மாற்றுங்கள், மறுத்தால் தண்டனை. பழங்காசு ஐயா சொன்ன அந்த நம்பிக்கை உடைந்த நேரம் இதுதான்.

தமிழினி_வா:

அருமையான சான்று, ஆனால் அது எகிப்து. எகிப்தில் ரோமின் செஸ்டெர்ஷியஸும் இல்லை, அன்டோனினியானஸும் இல்லை. அலெக்சாண்டிரியாவில் அடித்த டெட்ராடிராக்மம்தான் அங்கே பணம், அது தனி வட்டம். அதோடு அந்த உத்தரவு வந்தது மக்ரியானஸ், குயேட்டஸ் என்ற இருவர் கிழக்கில் தங்களை அரசர்களாக அறிவித்துக்கொண்ட நேரம். வங்கிக்காரர்கள் உலோகத்துக்குப் பயந்தார்களா, நாளைக்கு இந்த அரசர்கள் இருப்பார்களா என்று பயந்தார்களா?

நீலத்திரை:

இரண்டுக்கும்தான் பயந்திருப்பார்கள். டெட்ராடிராக்மத்திலும் வெள்ளி அதே போலக் கரைந்துகொண்டிருந்தது. அரசனுடைய வாக்குதான் காசின் மதிப்பு என்றால் அரசன் நிலைக்க மாட்டான் என்ற பயமும் உலோகப் பயமும் வேறு வேறில்லை.

கிழக்கில் இன்னொரு பெரிய மறைவும் அதே ஆண்டுகளில் நடந்திருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லையே. சின்ன ஆசியா (இன்றைய துருக்கி), சிரியா பக்கத்துக் கிரேக்க நகரங்கள் தங்கள் ஊர்ச் சில்லறைக்குத் தாங்களே வெண்கலம் அடித்தன. நூற்றுக்கணக்கான ஊர்கள். ஒவ்வொரு ஊர்க் காசிலும் அந்த ஊர்க் கோயில், அந்த ஊர் ஆற்றுத் தெய்வம், அந்த ஊர் விளையாட்டு விழாவின் பரிசுக் கிண்ணம். பம்பிலியாவில் சைடே, பெர்கே நகரங்கள் காலியெனஸ் காலத்தில் பத்து அசாரியா (அந்த ஊர்களின் சில்லறை அலகு) என்று குறிக்கும் கிரேக்க எழுத்தைக் காசிலேயே போட்டன. பழைய காசுகளில் மேல்முத்திரை குத்தி மதிப்பை மாற்றினார்கள். கடைசியில் 276 வாக்கில் பெர்கேயும் நிறுத்திக்கொண்டது. அலெக்சாண்டிரியா மட்டும் இன்னும் இருபது ஆண்டு தாக்குப்பிடித்தது. ரோமின் வெண்கலமும் ஊர்களின் வெண்கலமும் ஒரே நேரத்தில் போனது தற்செயலாக இருக்க முடியாது, கணக்குப்பிள்ளை போட்ட அதே கணக்குதான் அங்கேயும் வேலை செய்தது.

எனக்கு செஸ்டெர்ஷியஸைவிட இந்த ஊர்க் காசுகள் போனதுதான் வருத்தம். பல சிறிய ஊர்களின் கோயில் எப்படி இருந்தது என்பதற்கு இன்றைக்கு அந்தக் காசு ஒன்றுதான் படம்.

வன்னியூரான்:

நல்ல இழை. இலங்கையிலிருந்து ஒரு கேள்வி. எங்கள் நாட்டில் ரோமானிய வெண்கலம் பல்லாயிரக்கணக்கில் கிடைத்திருக்கிறது, ஆனால் எல்லாம் சின்னஞ்சிறு காசுகள், நான்காம் ஐந்தாம் நூற்றாண்டு. செஸ்டெர்ஷியஸ் கிடைத்ததாகக் கேள்விப்படுவதே அரிது. மிளகு வணிகம் உச்சத்தில் இருந்த முதல் நூற்றாண்டில் இந்தப் பெரிய காசு ஏன் கடல் கடந்து வரவில்லை?

பழங்காசு:

தமிழ்நாட்டிலும் அதே நிலைதான். முதல் நூற்றாண்டில் வந்தது வெள்ளி தெனாரியஸும் தங்க ஆரியஸும். புதுக்கோட்டைப் புதையல் முழுக்கத் தங்கம். வெண்கலம் என்று பார்த்தால் கரூரில் அமராவதி ஆற்று மணலிலும் மதுரையில் வைகையிலும் கிடைத்த சின்னக் காசுகள், அவை பெரும்பாலும் நான்காம் நூற்றாண்டும் அதற்குப் பிந்தியதும். தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றைத் தேடிச் சேர்த்துப் பதிப்பித்ததால்தான் நமக்கு விவரம் தெரிகிறது.

காரணம் என்று நான் நினைப்பது மேலே சொன்னதுதான். செஸ்டெர்ஷியஸின் மதிப்பில் பெரும்பகுதி அரசின் வாக்கு. அந்த வாக்கு பேரரசின் எல்லைவரைதான் செல்லும். முசிறியில் இறங்கிய வணிகனிடம் ஒரு செஸ்டெர்ஷியஸைக் கொடுத்தால் அது 25 கிராம் பித்தளை, அவ்வளவுதான். பித்தளையைப் பித்தளை விலைக்கு விற்கக் காசாக அடித்துக் கொண்டுவர வேண்டியதில்லை. வெள்ளியும் தங்கமும் எங்கே போனாலும் வெள்ளி, தங்கம்.

நான்காம் நூற்றாண்டுச் சில்லறை வந்த கதை வேறு. அவை இங்கே ரோமானிய மதிப்பில் ஓடவில்லை, உள்ளூர்ச் சில்லறைத் தட்டுப்பாட்டை நிரப்பின. இலங்கையில் அவற்றைப் பார்த்து உள்ளூரிலேயே போலச்செய்த காசுகளும் அடித்தார்கள். எழுத்து வெறும் கோடுகளாகிவிடும், அரசரின் தலை ஒரு கோட்டுருவமாகிவிடும், ஆனாலும் பின்புறத்தில் நிற்கும் வீரனை அடையாளம் காணலாம்.

புதுவரவு_செல்வி:

அக்கா, அண்ணன்மார்களே, குறுக்கே ஒரு சின்னக் கேள்வி. தாத்தா பெட்டியில் இப்படி ஒரு பச்சை பிடித்த சின்னக் காசு இருக்கிறது. குத்துவிளக்கு தேய்ப்பது மாதிரி புளி போட்டுத் தேய்த்தால் எழுத்து தெரியுமா?

உலைக்களம்:

வேண்டாம் தங்கச்சி, புளியும் எலுமிச்சையும் கிட்டவே போகக் கூடாது. அமிலம் களிம்பைக் கரைக்கும்போது எழுத்தும் சேர்ந்து போய்விடும், ஏனென்றால் பழைய காசில் எழுத்தின் மேற்பரப்பே அந்தக் களிம்பாக மாறியிருக்கும். கெட்டியான, வழவழப்பான கரும்பச்சை என்றால் அது காசைக் காக்கிறது, விட்டுவிடுங்கள். விரல் பட்டால் மாவு மாதிரி உதிரும் வெளிர்பச்சை என்றால் அது வேறு, உள்ளே இருக்கும் குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தைத் தின்கிறது. அந்தக் காசை மற்றவற்றிலிருந்து பிரித்து, காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து நீரை அடிக்கடி மாற்றி, நன்றாக உலர்த்தி ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். அப்புறம், நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு இந்தியச் சட்டப்படி தொல்பொருள், வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. படம் எடுத்துத் தனி இழையில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறோம்.

பொருநைக்கரையான்:

எல்லாருக்கும் நன்றி. நான் எதிர்பார்த்ததைவிட நிறையக் கிடைத்தது. ஒன்று மட்டும் பாக்கி. யாருமே திரும்ப முயற்சி செய்யவில்லையா? பேரரசர் ஆரேலியன் காசைச் சீர்திருத்தினார் என்கிறார்களே, அவர் செஸ்டெர்ஷியஸைத் திரும்பக் கொண்டுவந்திருக்கலாமே?

பழங்காசு:

ஆரேலியன் முயன்றார், அதில் ஒரு பகுதிதான் வென்றது.

அவர் முதலில் சந்தித்தது ரோம் அக்கசாலையின் கலகத்தை. 271 வாக்கில் நிதி அதிகாரி ஃபெலிசிசிமஸ் தலைமையில் காசு அடிப்பவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். காசில் சேர்க்க வேண்டிய வெள்ளியை அவர்களே திருடிக்கொண்டிருந்தார்கள், கணக்கு கேட்டதும் கலகம் என்பதுதான் பழைய வரலாற்றாசிரியர்கள் தரும் விளக்கம். காலியன் குன்றில் சண்டை நடந்தது, அரசரின் படையில் 7,000 பேர் இறந்தார்கள் என்று அவுரேலியஸ் விக்டர் எழுதுகிறார். அந்த எண் மிகையாகவே இருக்கலாம், ஆனால் அக்கசாலைக்காரர்கள் ஒரு படையோடு மோதும் அளவுக்கு அங்கே பணம் புரண்டது என்பது தெரிகிறது.

274-இல் சீர்திருத்தம். கதிர்முடிக் காசை எடை கூட்டி, ஒழுங்காக வெள்ளி பூசி, கீழே ரோமன் எண்ணில் 21 என்று பொறித்தார்கள், கிழக்கில் அதையே கிரேக்க எழுத்தில். இருபது பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளி என்று அதைப் பெரும்பாலோர் வாசிக்கிறார்கள். எத்தனையோ ஆண்டுக்குப் பிறகு காசில் அரசு தன் உத்தரவாதத்தை எழுத்தாகப் போட்டது அப்போதுதான்.

வெண்கலத்துக்கும் ஒரு முயற்சி உண்டு. ஆரேலியன் தன் மனைவி செவேரினாவோடு கைகோத்து நிற்கும் ஒரு காசு இருக்கிறது, இருவருக்கும் மேலே சூரியனின் தலை, சுற்றிலும் இணக்கத்தைக் குறிக்கும் வாசகம். 7, 8 கிராம் எடை, அழகான வேலைப்பாடு. இன்று அதை ஆஸ் என்றே பட்டியலில் போடுகிறார்கள். பழைய வரிசையை மீட்க நினைத்திருக்கிறார் என்பது தெரிகிறது. ஆனால் 4 கிராம் கதிர்முடிக் காசில் இருபதில் ஒரு பங்குதான் வெள்ளி என்னும்போது, அதற்குக் கீழே எட்டு பெரிய வெண்கலம் நிற்க இடமே இல்லை. அந்த ஆஸ் சில ஆண்டுகளோடு நின்றது. 294 வாக்கில் பேரரசர் டையோக்ளீஷியன் கொண்டுவந்த 10 கிராம் வெள்ளி பூசிய பெரிய வெண்கலம் பார்க்க ஆஸ் மாதிரி இருந்தாலும் அது புதிய வரிசை, புதிய மதிப்பு. அதன் எடையும் அடுத்த நாற்பது ஆண்டில் 2 கிராமுக்குக் கீழே போய்விட்டது.

கணக்குப் புத்தகத்தில் மட்டும் செஸ்டெர்ஷியஸ் இன்னும் கொஞ்ச காலம் இருந்தது. கால் நாட்டில் ஓதன் நகரத்துப் பள்ளியின் ஆசிரியர் யூமீனியஸ், 298 வாக்கில் ஆற்றிய உரையில் தன் ஆண்டுச் சம்பளம் ஆறு லட்சம் செஸ்டெர்ஷியஸ் என்று சொல்கிறார், அதைப் பள்ளிக் கட்டடத்தைப் புதுப்பிக்கக் கொடுத்துவிடுவதாகவும் சொல்கிறார். அவர் பேசிய காலத்தில் அந்தக் காசை எந்த அக்கசாலையும் அடிக்கவில்லை.

கணக்குப்பிள்ளை:

யூமீனியஸ் சேதி எனக்குப் புதிது, நன்றி ஐயா. அந்த ஆறு லட்சத்தை அவருக்கு எந்தக் காசில் எண்ணிக் கொடுத்திருப்பார்கள் என்று யோசிக்கிறேன். பழைய கணக்குப்படி ஒன்றரை லட்சம் தெனாரியஸ். டையோக்ளீஷியனின் விலை ஆணை 301-இல் எல்லாவற்றையும் தெனாரியஸில்தான் சொல்கிறது, அப்போது தெனாரியஸும் வெறும் கணக்கு அலகுதான். ஆணையில் உள்ள ஆசிரியர் ஊதியங்களையும் தானிய விலையையும் எடுத்து யூமீனியஸ் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து நாளைக்கு இங்கேயே போடுகிறேன்.